பிரசவ ஆஸ்பத்திரியை இணைத்தல்

மைக்கின் தலையில் மாட்டியிருந்த கறுப்புப் பஞ்சு ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. யாரோ நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்திருக்கிறார்கள். தனக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு கவுன்சிலர், பேச வாய் வராமல், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கிள்ளியிருக்க வேண்டும் என்று பூங்காவனம் நினைத்தாள். நினைத்ததும் அந்த முகம் தெரியாத ஆள்மேல் ஒரு பிரியம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது, ஏனென்றால் முன்வரிசையிலிருந்து “ஆல் பாஸ்” என்ற குரல் கிளம்பி, மேஜைகள் படபடவென்று தட்டப்பட்டு, அஜெண்டாவில் தெருவிளக்குப் பொருள் முடிந்து மழைநீர்க் கால்வாய்ப் பொருளுக்கு வந்துவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரமாகவா. படிக்கிற குமாஸ்தா மூச்சு விடுகிறாரா இல்லையா. ஆஸ்பத்திரிப் பொருள் கடைசிக்கு முந்தினது, அது வருவதற்குள் மதியமாகிவிடும், அதற்குள் மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். இந்த வேகத்தில் போனால் இன்னும் சற்று நேரத்தில் அது வந்து எதிரில் நிற்கும். தொண்டையில் எச்சில் இல்லை. நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தாள், ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. எதிரில் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஆனால் அதைத் திறந்தால் மூடி தெறித்து உருளும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், இந்த அம்மாவுக்கு இப்போது எதற்குத் தண்ணீர் என்று முன்வரிசையில் யாராவது யோசிப்பார்கள், யோசித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே. செய்யாமலே போய்விடலாம். அந்த நினைப்பு காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போட்ட மாதிரி இதமாக வந்து படிந்தது. செய்யாமலே போய்விடலாம், யார் கேட்கப்போகிறார்கள்.

காலையில் அவள் புருஷன் கோதண்டனும் அதையேதான் சொன்னான். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னான். “இன்னிக்கு வாயத் தொறக்காத. கையெழுத்துப் போட்டமா, டீ குடிச்சமான்னு வந்துடு. சேர்மன் வீட்டுக்கே கூப்புட்டுச் சொல்லிட்டாரு. இது மேல முடிவானது. இங்க சும்மா ஒரு தீர்மானம் போட்டு அனுப்பணும், அவ்ளோதான்.” அவள் சீப்பை வைத்துவிட்டுத் திரும்பி, “நீங்களா இதைச் சொல்றீங்க?” என்று கேட்டாள். கேட்டிருக்கக்கூடாது. கேட்டதும் அவன் முகம் மாறியது, கோபமாக மாறியிருந்தால் தேவலை, ஒன்றுமே இல்லாததாக மாறியது, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அலமாரியில் சாவியைத் தேட ஆரம்பித்தான். மேல, மேல என்கிறார்களே, மேல என்றால் எங்கே. இந்தக் கட்டடத்துக்கு மேலே மொட்டைமாடிதான் இருக்கிறது, அங்கே உடைந்த நாற்காலிகளும் புறா எச்சமும் கிடக்கின்றன, பதவியேற்ற அன்றைக்குக் குரூப் போட்டோ எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கும் மேலே யாரோ இருந்துகொண்டு செம்பேடு என்ற ஊரை, பேட்டைத் தெருவை, அங்கே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பொம்பிளைகளை எல்லாம் பார்த்து முடிவு பண்ணிவிட்டார்களா. கோதண்டனும் அந்த மேலத்தான் அண்ணாந்து பார்த்தபடி இத்தனை வருஷமாகக் கட்சிக்குச் சுவரெழுதி, கொடி கட்டி, வெயிலில் நின்றான். பேட்டை வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது அவனுக்கு வரவேண்டிய கவுன்சிலர் சீட்டு இவளுக்கு வந்தது. போஸ்டரில் இவள் பெயர் சின்னதாகவும் அவன் கும்பிட்டபடி நிற்கிற படம் பெரிதாகவும் இருந்தது. அதில் இவளுக்கு வருத்தமில்லை, அப்போது பயமாக மட்டுமே இருந்தது, இப்போதும் அதே பயம்தான், ஆனால் அப்போது அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பயப்பட்டாள், இப்போது முன்னால் யாருமில்லை, மைக் இருக்கிறது. வாயைத் திறந்துவிட்டால் கல்வெர்ட்டு வேலை, சாக்கடை வேலை என்று அவனுக்குக் கட்சியில் கொடுக்கிற சின்னச் சின்ன வேலைகள் நின்றுபோகும். பொண்ணு காலேஜில் படிக்கிறாள். சேர்மன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் நிற்பான், உள்ளே கூப்பிடமாட்டார்கள். மழைநீர்க் கால்வாய் ஆல் பாஸ்.

பக்கத்து நாற்காலி ஷம்ஷாத் முழங்கையால் மெல்ல இடித்தாள். பக்கத்து வார்டுக்காரி, சுயேச்சை, எந்தக் கட்சியும் இல்லாததால் யாரையும் நேராகப் பார்க்கிறவள். “என்னா பூங்கா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. சாப்ட்டியா?” “சாப்ட்டேன்.” பொய்தான், இட்லியைத் தட்டில் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். ஷம்ஷாத் ஒரு பெப்பர்மின்ட்டை மேஜைக்கு அடியில் நீட்டினாள். வாயில் போட்டால் கொஞ்சம் எச்சில் ஊறும். ஊறியது. எதிரில் இருந்த அஜெண்டா தாளில் ஆஸ்பத்திரிப் பொருளின்மேல் கண் போய்ப் போய் விழுந்தது. நகராட்சி மகப்பேறு நிலையத்தை அரசுத் தலைமை மருத்துவமனையுடன் இணைத்தல், நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு வழங்கப்பட்டுவரும் மதிய உணவை நிறுத்துதல், மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும். இணைத்தல். அறுந்த ஒயரை இணைப்பார்கள். ரயில்பெட்டியை இணைப்பார்கள். இரண்டு சாக்கடையை ஒன்றாக இணைப்பார்கள், அந்த வேலையைக் கோதண்டனே செய்திருக்கிறான். ஒரு ஆஸ்பத்திரியை எப்படி இணைப்பார்கள், அதன் கட்டிலை, பிரசவ மேஜையை, சமையலறையை, ஆயாம்மாவை எல்லாம் தூக்கிக்கொண்டு போய் அங்கே ஒட்டவைப்பார்களா. ஒட்டவைக்க மாட்டார்கள், கதவைப் பூட்டுவார்கள். பூட்டுகிறதுக்கு இணைக்கிறது என்று பேர் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை படித்தபோது அவளுக்கே அது நல்ல வார்த்தையாகத்தான் தெரிந்தது, பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்தால் பெரிய டாக்டர் வருவார் போலிருக்கிறது என்று நினைத்தாள். ஷம்ஷாத்தான் சிரித்தாள். “பைத்தியமா நீ? டாக்டர் இங்க வரமாட்டாரு, பொம்பளைங்க அங்க போவணும்.” அங்கே என்றால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊர். அங்கே என்ற சொல் நெஞ்சில் ஒரு இடத்தில் போய்க் குத்தியது, அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போனாள். நதியா ஞாபகம் வந்தது.

நதியா காலையில் குழாயடியிலிருந்து நேராக வந்து வாசலில் நின்றாள். குடம் இடுப்பில் இல்லை, வைக்க இடமில்லை, வயிறு அப்படி முன்னால் வந்துவிட்டது. பீடி இலை வெட்டி வெட்டி விரல் நுனியெல்லாம் காவியேறி, உதடு மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ரத்தம் இல்லை, ரத்தம் இல்லை என்று சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் திட்டி, படுக்கவைத்து இரும்புச்சத்து மருந்து ஏற்றி அனுப்புவார். “அக்கா, சோறு நிறுத்திடப் போறாங்களாமே, நெசமா?” என்று கேட்டாள். “யாரு சொன்னது?” “ஆயாம்மா அழுதுகினு சொன்னாங்க. ஆஸ்பத்திரியே இல்லையாம்.” பூங்காவனத்துக்குத் தலைமுடி கையில் பாதி பின்னியபடி நின்றுவிட்டது. நதியா சத்தத்தைக் குறைத்தாள். “உங்கிட்ட சொல்றதுக்கின்னாக்கா. அங்க குடுக்கற முட்டையை நான் துன்றதில்ல. முந்தானையில முடிஞ்சி எடுத்தாந்து என் பெரிய புள்ளைக்குக் குடுத்துடறேன். சோறு மட்டும் நான் துன்னுடறேன், கீரையும் துன்னுடறேன், சத்தியமா. சிஸ்டருக்குத் தெரிஞ்சி அதனாலதான் நிறுத்தறாங்களோன்னு எனக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல.” அட பாவி, ஒரு முட்டையை ஒளித்துவைத்ததற்காக அரசாங்கம் ஆஸ்பத்திரியைப் பூட்டுகிறது என்று பயந்துகொண்டிருக்கிறாளே. “அதெல்லாம் இல்லடி, உன்னால இல்ல, போ, போய்ப் படு” என்றாள் பூங்காவனம். “அப்ப நிறுத்தமாட்டாங்களா?” “பாத்துக்கலாம்.” பாத்துக்கலாம். அந்த வார்த்தையை இவள் எப்போது கற்றுக்கொண்டாள். சேர்மன் சொல்வார், எம்.எல்.ஏ. சொல்வார், கோதண்டன் சொல்வான், யாராவது வீட்டு வாசலில் வந்து அழுதால் சொல்கிற வார்த்தை அது, அதைச் சொன்னபிறகு கதவைச் சாத்திக்கொள்ளலாம். நதியா அதைக் கேட்டுவிட்டு முகம் தெளிந்து போனாள், அதுதான் தாங்கமுடியவில்லை. நம்பிவிட்டாள். அவளுக்கு அடுத்த மாதம் நாள். இடுப்பு வலி எடுத்தால் எங்கே போவாள். ஆட்டோ வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போகவேண்டும். கேட் திறந்திருந்தால் தாண்டலாம்.

வேண்டாம், அங்கே போகாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் மனசு சொன்னபடி கேட்கிறதா. அன்றைக்கும் நம்மூர் ஆஸ்பத்திரியைப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். ரிப்பேர் என்றார்கள், கூரை ஒழுகுகிறது, பூசிவிட்டுத் திறப்போம் என்று கம்பிக்கதவில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். குமுதாவுக்கு அம்மா வீட்டில்தான் தலைப்பிரசவம் என்று கூட்டிவந்திருந்தது, கோதண்டனின் ஒரே தங்கை, இவளுக்கு நாத்தனார். பூங்காவனம் கல்யாணமாகி வந்த புதிது, நாத்தனாரிடம் எப்படிப் பேசுவதென்றே தெரியாத நாள்கள், குமுதாதான் கூச்சமில்லாமல் இவள் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, “அண்ணி, எங்க அண்ணன் குறட்டை விடுதா?” என்று கேட்டுச் சிரிப்பாள். வலி வந்தது, தண்ணி உடைந்தது, பூட்டின கதவை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள், பிறகு ஆட்டோவில் ஏற்றினார்கள். பின்னால் குமுதாவும் கோதண்டனும். முன்னால் டிரைவர் பக்கத்தில் பாதி உட்கார்ந்தபடி இவள். கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று வந்து, தாண்டிப் போகாமல், நடுவிலேயே நின்றுவிட்டது. பெட்டி பெட்டியாக நின்றது. பட்டப்பகல், கேட்டுக்கு இந்தப் பக்கம் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவன் ஒவ்வொரு வண்டியாக வந்து கேட்டுக்கொண்டு போனான், இவர்கள் ஆட்டோவுக்குள்ளேயும் எட்டிப் பார்த்து, பார்த்ததும் பின்வாங்கினான். பின்னால் கோதண்டன், “கண்ணத் தொற குமுதா, இதோ போயிடலாம், கண்ணத் தொற” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆட்டோவின் தரையில் ஈரம் முன்னால் ஓடிவந்து இவள் பாதத்தைத் தொட்டது, சுடச்சுட இருந்தது, காலைத் தூக்கிக்கொள்ளவும் மனசில்லை, அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை. கேட் திறந்தபோது அவன் சொல்வதை நிறுத்தியிருந்தான். வயிற்றில் இருந்ததும் அவளோடு போய்விட்டது. அதற்கப்புறம் அந்த வீட்டில் குமுதா என்ற பெயரை யாரும் சொன்னதில்லை. மாமியார் சாகிற வரைக்கும் சொல்லவில்லை. தெருவில் வேறு யாராவது குமுதாவை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோதண்டன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவான். கேட் வழியாக அவன் வண்டி ஓட்டுவதே இல்லை, எத்தனையோ மைல் ஊரைச் சுற்றிக்கொண்டு தூரத்துப் பாலம் வழியாகப் போவான். அவன்தான் காலையில் வாயைத் திறக்காதே என்று சொன்னான். அவனே சொன்னான் என்றால் அவன் எவ்வளவு பயந்திருக்க வேண்டும். அவனுடைய பயத்தைப் பார்த்துத்தான் இவளுக்குக் கை கால் ஓடவில்லை, கட்சியைப் பார்த்து அல்ல, சேர்மனைப் பார்த்தும் அல்ல. அந்தப் பெயரைச் சொல்லாமல் இந்த ஆஸ்பத்திரியைப் பற்றி இவளால் ஒரு வார்த்தை பேசமுடியாது, சொன்னால் அந்த வீட்டுக்குள் எப்படித் திரும்பிப் போவாள்.

“அடுத்தது” என்று சேர்மன் குரல் கேட்டது. குமாஸ்தா ஏதோ படித்தார், நிறுத்தினார், முன்வரிசை மூச்சை இழுத்தது. வந்துவிட்டது, இதுதான், இப்போது விட்டால் போச்சு என்று நெஞ்சு ஒரு அடி அடித்தது, பூங்காவனம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். நாற்காலி தரையில் கிறீச்சென்றது. எல்லாத் தலையும் திரும்பியது. “நான் ஆட்சேபிக்கிறேன்” என்றாள். குரல் வந்துவிட்டது, அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சேர்மன் ரத்தினவேலு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, நல்ல மனுஷர்தான், கல்யாணம் காட்சி என்றால் முதலில் வந்து நிற்பார். “என்னம்மா, தெருநாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் பண்றதுல உங்களுக்கு என்ன ஆட்சேபணை?” சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் வரைக்கும் ஓடியது. பத்திரிகைக்காரர்கள் பெஞ்சில்கூடச் சிரித்தார்கள். நாய்ப் பொருள். நாய்ப் பொருளுக்கு எழுந்துவிட்டாள். இன்னும் ஆஸ்பத்திரி வரவே இல்லை. “மெம்பர் வீட்டு நாய்க்கு இன்னும் புள்ள ஆசை விடல போலிருக்கு” என்று யாரோ சொல்ல மறுபடியும் சிரிப்பு. உட்கார்ந்தாள். காது மடல் இரண்டும் கொதித்தது. ஷம்ஷாத்தின் கை மேஜைக்கு அடியில் வந்து இவள் கையைப் பிடித்தது. “யா அல்லா, ஐஸ் மாதிரி இருக்கு” என்று முணுமுணுத்தாள். இனி எழுந்திருக்க முடியாது. ஒரு தடவை எழுந்தாயிற்று, சிரித்தாயிற்று, இனிமேல் எழுந்தால் என்ன சொன்னாலும் சிரிப்பார்கள். ஒருவிதத்தில் நிம்மதி. முயற்சி பண்ணினேன், நாய் வந்துவிட்டது, என்ன செய்வது என்று நதியாவிடம் சொல்லலாம். நதியா அதையும் நம்புவாள். பொண்ணு கேட்டால் அவளிடமும் சொல்லலாம், அவள் சிரிப்பாள், நாளாக ஆக வீட்டில் ஒரு வேடிக்கைக் கதையாகிவிடும். இப்படி ஓடிக்கொண்டிருந்த நினைப்பு, முறத்தை வைக்க மடியில்லாமல் பக்கத்தில் தரையில் வைத்துக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்து பீடி சுற்றுகிற நதியாவின் உருவத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. அந்த உருவம் போகமாட்டேன் என்றது. அந்த உருவத்துக்கு முகம் மாறி மாறி வந்தது. நதியா. இல்லை, அந்தச் சிரிப்பு நதியாவுடையது இல்லை. யார் சிரிப்பு என்று தெரிந்தது. பார்க்காதே. பெப்பர்மின்ட் கரைந்து நாக்கில் கசப்பாக ஏதோ மிஞ்சியிருந்தது. அந்த நேரத்தில்தான் மேஜைகள் தட்டப்படுகிற சத்தம் அவள் காதில் விழுந்தது. “ஆல் பாஸ், ஆல் பாஸ்.” எது பாஸ். ஷம்ஷாத்தைப் பார்த்தாள். ஷம்ஷாத் உதட்டைக் கடித்துக்கொண்டு அஜெண்டாவில் விரலை வைத்துக் காட்டினாள். இணைத்தல் என்ற வார்த்தைமேல் விரல் இருந்தது. படித்து முடித்துவிட்டார்கள். நாய்க்குச் சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் படித்துவிட்டார்கள்.

“சேர்மன் சார்” என்றாள். மைக்கை அழுத்தவில்லை, குரல் மேஜையோடு நின்றது. எழுந்து, பொத்தானை அழுத்தினாள், சிவப்பு விளக்கு எரிந்தது. “சேர்மன் சார்.” இந்தத் தடவை அவள் குரல் நாலு மூலையிலிருந்தும் அவளுக்கே திரும்பி வந்தது, யாரோ வேற்றுப் பொம்பிளை பேசுகிற மாதிரி. “என்னம்மா, மறுபடியும் நாயா?” “ஆஸ்பத்திரி சார். நான் ஒத்துக்கல.” “அது முடிஞ்சிபோச்சும்மா. பாஸ் ஆயிடுச்சு. உக்காருங்க.” “முடியல சார். நான் சொல்லல இல்ல? நான் பாஸ்னு சொல்லல.” முன்வரிசையில் கட்சிக் கொறடா திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, “ஏம்மா, கோதண்டன் சொல்லி அனுப்பலியா?” என்றார். புருஷன் பெயரைக் கேட்டதும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொல்லி அனுப்பினார். சொல்லித்தான் அனுப்பினார். சேர்மன் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். “அம்மா, மேலருந்து காசு வராது. சிக்கனம் பண்ணச் சொல்லி உத்தரவு. நாம வேணாம்னு சொன்னா மட்டும் யாரு டாக்டருக்குச் சம்பளம் குடுப்பா, யாரு சோறு போடுவா? பெரியாஸ்பத்திரி இருக்கு, எல்லா வசதியும் அங்க இருக்கு. நல்லதுக்குத்தான்.” எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் சரியாக இருந்தது. காசு எங்கேயிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், அதை எடுத்து வெளியே வைக்கவேண்டும், வைத்தால் வீட்டுக்குப் போகமுடியாது. வாய் திறந்தது. “என் நாத்தனா பேரு குமுதா” என்றாள். அரங்கம் என்னவோ என்று பார்த்தது. “பேட்டைக்காரங்களுக்குத் தெரியும். வலி எடுத்து நம்மூர் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். ரிப்பேர்னு பூட்டி வச்சிருந்தாங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போற வழியில, ரயில்வே கேட்ல, ஆட்டோலயே போயிட்டா. வயித்துப் புள்ளையோட. நான் முன்னாடி உக்காந்திருந்தேன்.” மூச்சு வாங்கியது. “இணைக்கறோம்னு எழுதியிருக்கீங்க. நடுவுல கேட் இருக்கு சார். பொம்பளைங்க சோத்துக்குத்தான் அங்க வராங்கன்னு சொல்லுவீங்க. ஆமா, சோத்துக்குத்தான் வராங்க. வந்தாத்தான் சிஸ்டர் புடிச்சி ஊசி போடறாங்க. சோறு இல்லன்னா யாரும் வரமாட்டாங்க, கூலி போயிடும்னு வீட்லயே பீடி சுத்திகினு இருப்பாங்க, வலி எடுக்கறவரைக்கும்.” வேறு என்னமோ சொல்லவேண்டும் என்று யோசித்து வைத்திருந்தது, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. “நான் வேணாம்னு சொன்னேன்னு எழுதுங்க. என் பேரப் போட்டு எழுதுங்க.”

குமாஸ்தா பேனாவைத் தூக்கியபடி நகராட்சிக் கமிஷனரைப் பார்த்தார். கமிஷனர் இளவயசுக்காரர், அதுவரைக்கும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு சேர்மன் பக்கம் சாய்ந்து, “ஆட்சேபணை தெரிவிச்சா பதிவு பண்ணணும் சார்” என்றார். மெதுவாகத்தான் சொன்னார், அவருடைய மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. ஷம்ஷாத் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாள். “எம் பேரையும் எழுதுங்க. ஷம்ஷாத். எங்க தெருப் பொம்பளைங்களும் அங்கதான் போறாங்க.” குமாஸ்தாவின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. அது அப்படி நின்ற கொஞ்ச நேரம்தான் பூங்காவனத்துக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது, சொல்வதற்கு முன்னால் இருந்த பயம் இதன் எதிரில் ஒன்றுமேயில்லை. சொல்லாமல் இருந்தபோது எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்ற ஒரு வாசல் இருந்தது, இப்போது அது இல்லை. முன்வரிசையின் கோடியில், அவளுடைய கட்சிக்காரர்தான், இரும்புக்கடை மனோகரன், குனிந்த தலை நிமிராமல் ஒரு கையை மேஜையிலிருந்து கொஞ்சமாகத் தூக்கினார், தூக்கினாரா அல்லது ஈ ஓட்டினாரா என்று சொல்ல முடியாதபடி. குமாஸ்தா அவரையும் பார்த்தார். பத்திரிகைக்காரர்கள் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சேர்மன் அவர்களைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். “சரி, இந்தப் பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுது. அடுத்தது படிய்யா” என்றார். அவள் உட்கார்ந்தாள். மைக்கை அணைக்க மறந்துபோய், அவள் மூச்சு விடுகிற சத்தம் புஸ் புஸ்ஸென்று அரங்கம் பூராவும் கேட்டது, ஷம்ஷாத் கையை நீட்டி அணைத்தாள்.

கூட்டம் முடிந்து டீ கொண்டுவந்தார்கள். அவளுக்கு எதிரிலும் ஒரு கப் வைத்தார்கள், ஆனால் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டு வந்த முன்வரிசைக்காரர் அவளைத் தாண்டிப் போனார். கொறடா ஜன்னல் பக்கம் நின்று போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார், பேசும்போது இவள் பக்கம் திரும்பவில்லை, திரும்பாததனாலேயே இவளைப் பற்றித்தான் என்று தெரிந்தது. யாரிடம் பேசுகிறார். கோதண்டனிடமா. கீழே காத்திருப்பான், கூட்ட நாளில் எப்போதும் டீக்கடை எதிரில் வண்டியைப் போட்டுவிட்டு நிற்பான். இப்போது சொல்லியிருப்பார்கள். உன் பெண்டாட்டி என்ன சொன்னாள் தெரியுமா என்று சொல்லியிருப்பார்கள். அவன் தங்கச்சியின் பெயரை, அவன் வாயால் இத்தனை வருஷமாகச் சொல்லாத பெயரை, ஊரான் எவனோ போனில் சொல்லி அவன் கேட்டிருப்பான். “நான் கூட வரட்டுமா?” என்று ஷம்ஷாத் கேட்டாள். “வேணாம். நீ இருந்தா அவரு பேசமாட்டாரு. பேசாம இருந்தா எனக்கு இன்னும் பயமா இருக்கும்.” மாடிப்படி இறங்கினாள். கைப்பிடிச் சுவர் வெயிலில் காய்ந்து சுட்டது, ஆனாலும் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினாள். அவன் அடிக்கிற ஆள் இல்லை. மௌனமாக இருக்கிற ஆள். ஒரு முறை வாரக்கணக்கில் பேசாமல் இருந்தான், தட்டில் சோறு போட்டால் சாப்பிடுவான், தண்ணீர் வைத்தால் குடிப்பான், சுவரோடு குடித்தனம் பண்ணுகிற மாதிரி இருந்தது. அப்படி ஆகிவிட்டால். அல்லது அப்படிக்கூட இல்லாமல், வீட்டை விட்டே எங்காவது போய்விட்டால்.

அவன் வண்டியில் உட்காராமல் பக்கத்தில் நின்றிருந்தான். நின்ற விதத்திலேயே சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. அவள் எதிரில் போய் நின்றாள். பை நழுவியது, தோளில் ஏற்றிக்கொண்டாள். டீக்கடையில் இருந்தவர்கள் அவர்களைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். “அவ பேரச் சொன்னியாமே” என்றான் கோதண்டன். அவன் அதைத் தரையைப் பார்த்துச் சொன்னான். “சொன்னேன்.” “மைக்கிலயா?” “மைக்கிலதான்.” அவன் தாடை அசைந்தது. இப்போது வரப்போகிறது என்று அவள் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தாள். அவன் கேட்டான்: “நல்லாக் கேட்டுச்சா?” என்ன கேட்கிறான் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. “எல்லாருக்கும் கேட்டுச்சு” என்றாள். அவன் தலையை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான், கழுத்தில் போட்டிருந்த கட்சித் துண்டை எடுத்து முகம் முழுக்க அழுத்தித் துடைத்தான், துடைத்தபிறகும் கொஞ்ச நேரம் துண்டை முகத்திலேயே வைத்திருந்தான். பிறகு, “அடுத்த கூட்டம் எப்போ?” என்றான். “அடுத்த மாசம். தேதி சொல்லல.” “அதுலயும் கொண்டாருவாங்க. உடமாட்டாங்க.” “தெரியும்.” “வெளியாளுங்க மேல கூட்டத்துக்கு வரலாமா?” “பின்னாடி பெஞ்சுல உக்காரலாம். பேசக்கூடாது.” அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். “உக்காரு” என்றான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவன் தோளைப் பிடிக்கலாமா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்திருந்தாள், வண்டி கிளம்பினபோது பிடிக்கவேண்டியதாகிவிட்டது. கடைத்தெரு தாண்டி, மசூதி தாண்டிப் போகும்போது அவன் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. தோளில் வைத்த அவள் கைவரைக்கும் அந்த அதிர்வு வந்தது. கட்சிக்காரர்கள்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அடித்து ஓய்ந்தது. பேட்டைத் தெரு முனை திரும்புவதற்குள் மறுபடியும் அதிர ஆரம்பித்தது, அவன் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அவள் கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு வந்தாள்.